கிடங்கு மேசையில் மரவேலை வைஸ் பொருத்தும் முறை

நம் கிடங்குகளில் மூட்டை அடுக்கும் அடிச்சட்டம், தட்டு ஸ்டாண்டு, மரப்பெட்டி என்று ஏதாவது ஒன்று மாதம் தவறாமல் உடைகிறது. ஒரு சட்டம் மாற்ற ஆசாரியை அழைத்தால், இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று ஒரு வாரம் ஓடிவிடும். அதற்குள் மூட்டை தரையில் கிடந்து ஓதம் ஏறிவிடும். ஆகவே கடைப் பையன்களே அறுத்து ஆணி அடித்துக்கொள்கிறார்கள். ஸ்டூல் மேல் பலகையை வைத்து, காலால் மிதித்துக்கொண்டு ரம்பத்தை இழுப்பது வழக்கம். நமது மண்டியில் அப்படி அறுத்தபோது பலகை நழுவி, ஒரு பையனுக்குக் காலில் 5 தையல் போட வேண்டியதாயிற்று. அன்றுதான் வைஸ் வாங்குவது என்று முடிவு செய்தோம். அதிலும் இருமுறை தவறிய பிறகே சரியாக அமைந்தது.

முதலில் வாங்கியது இரும்பு வேலைக்கான வைஸ். அது மேசைக்கு மேலே நிற்கும். அதன் தாடையில் பல் வெட்டியிருக்கும். பலகையைக் கடித்து வடுப்படுத்திவிட்டது. மரவேலை வைஸ் மேசைக்கு அடியில் தொங்கும். 7 அங்குலம், 9 அங்குலம் என்று கிடைக்கும். நம் வேலைக்கு 7 அங்குலமே போதும்.

அதை வாங்கி வந்தும் புத்தி வரவில்லை. முக்கால் அங்குலப் பலகை மேசையில், அடியிலிருந்து திருகாணி போட்டு மாட்டினோம். மூன்றாம் நாள் வைஸ் பெயர்ந்து, நின்றவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. வார்ப்பிரும்புச் சாமான், காலில் விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும்! போல்ட் வாங்குவதில் சில ரூபாய் மிச்சம் பிடித்த கணக்கு அது.

பிறகு வயதான ஆசாரி ஒருவர் வந்து சொல்லிக் கொடுத்தார். மேசைப் பலகை 2 அங்குலமாவது இருக்க வேண்டும். வலக்கைக்காரருக்கு மேசையின் முன்பக்கம், இடது ஓரம். அதுவும் கால் அருகில். நடுவில் மாட்டினால் அறுக்கும்போது மேசை அதிரும். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு வரும் உயரம் மேசைக்குச் சரி.

இனி அளவு. இரும்புத் தாடையின் மேல்விளிம்பு மேசை மட்டத்திற்கு அரை அங்குலம் கீழே நிற்க வேண்டும். இல்லையேல் ரம்பமும் இழைப்புளியும் இரும்பில் மோதிப் பாழாகும். வைஸில் போல்ட் துளையுள்ள தட்டிலிருந்து தாடை விளிம்பு வரை அளந்து, அதோடு அரை அங்குலம் கூட்டி, மேசைத் தடிமனைக் கழியுங்கள். மீதியே இடையில் வைக்கும் கட்டையின் தடிமன். உதாரணமாக 2¾ அங்குலத்தோடு ½ சேர்த்தால் 3¼. அதில் மேசை 2 அங்குலம் போக, கட்டை 1¼ அங்குலம்.

இரு தாடைகளுக்கும் உள்பக்கம் முக்கால் அங்குலப் பலகை ஒட்டு வைத்து, மேசை மட்டம் வரை உயர்த்த வேண்டும். அதன் திருகாணித் தலை மரத்துக்குள் புதைந்திருக்கட்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, உள்தாடையின் ஒட்டுப் பலகை மேசையின் முன்விளிம்போடு ஒரே நேராக இருப்பது. இரும்புத் தாடையும் ஒட்டும் சேர்ந்த தடிமனுக்கு மேசை விளிம்பைக் குடைந்து, தாடையை உள்ளே தள்ள வேண்டும். தாடை வெளியே துருத்திக்கொண்டிருந்தால், நீளச் சட்டம் மேசையில் சாயாமல் ஆடும்.

மாட்டுவதற்கு 3 நூல் போல்ட் போடுங்கள். மேலே தலையை மேசைக்குள் குடைந்து இறக்கி, கீழே வாஷர் வைத்து நட்டை முடுக்க வேண்டும். வைஸ் கனமாதலால் ஒருவர் தாங்கிப் பிடிக்க, மற்றவர் முடுக்குவது நல்லது.

சிறு துண்டை ஒரு ஓரத்தில் பிடிக்கும்போது, மறு ஓரத்தில் அதே தடிமனுள்ள துண்டு ஒன்று வையுங்கள், தாடை கோணாது. கைப்பிடியில் குழாய் செருகி முடுக்கக் கூடாது. மரத்தூள் அரிசி, பருப்பில் விழாதபடி மேசையைப் பின்வாசல் பக்கம் போட்டிருக்கிறோம். சிறு கடைக்காரர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. பக்கத்துக் கிடங்கில் இருந்தால் அங்கே கொண்டுபோய் அறுத்து வரலாம். நமது மேசைக்கும் அப்படி இரண்டு கடைக்காரர்கள் வருகிறார்கள்.