பல் நறநறத்தல்
பல் நறநறத்தல் என்பது, உணவை மெல்லாத நேரத்திலும் மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் இறுகக் கடிப்பது அல்லது ஒன்றோடொன்று தேய்ப்பது ஆகும். உறக்கத்தில் நிகழ்ந்தால் செய்பவர் அறிவதில்லை. அருகில் படுத்திருப்பவரே ஒலியைக் கேட்பார். காலையில் தாடை வலி, நெற்றிப்பொட்டில் வலி, பல் கூச்சம் ஆகியவை இதன் அறிகுறிகள். மன அழுத்தம், மது, புகைபிடித்தல், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் முதலியன இதைத் தூண்டலாம்.

குழந்தை பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்பார்கள். அதை மட்டும் வைத்துப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் வளர வளரத் தானே நின்றுவிடும்.

பெரியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். தேய்ந்துபோன எனாமல் மீண்டும் வளராது. பல் மருத்துவர் அளவெடுத்துத் தரும் உறையை இரவில் அணியலாம். அது பழக்கத்தை நிறுத்தாவிட்டாலும் பல்லைக் காக்கும். பகலில் உதடுகள் மூடியிருந்தாலும் பற்கள் தொடாமல் இருக்கப் பழகுவது நல்லது.