நார்வே குளிர்காலக் கப்பல் பயணம்: கப்பல் லேட்டானால் ஃப்ளைட் டிக்கெட் என்னவாகும்?

இன்ஸ்டாகிராமில் பச்சையாக ஆடும் வானத்தைப் பார்த்துவிட்டு, ‘இந்தக் குளிர்காலத்துல நார்வே போயே ஆகணும்’ என்று முடிவெடுப்பவர்கள் நம் ஊரிலும் கூடிக்கொண்டே போகிறார்கள். அப்படித் தேடுபவர்களின் கண்ணில் முதலில் படுவது பெர்கன் நகரிலிருந்து கிர்கெனெஸ் வரை போய்த் திரும்பும் 12 நாள் கப்பல். படங்களில் சொகுசுக் கப்பல் மாதிரிதான் தெரியும். ஆனால் இது சொகுசுக்காகப் பிறந்த கப்பல் கிடையாது. நம் ஊர் அரசு பஸ் மாதிரி, சரக்கும் ஜனங்களும் சேர்ந்து போகிற ‘ரூட் வண்டி’. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், டிக்கெட் எப்படிப் போடுவது, எங்கே ஏமாறக்கூடாது என்பது பாதி புரிந்துவிடும்.

1893 ஜூலை 2ஆம் தேதி, ட்ரொண்ட்ஹெய்ம் துறைமுகத்திலிருந்து ‘வெஸ்டெரோலன்’ என்ற நீராவிக் கப்பல் வடக்கே ஹம்மர்ஃபெஸ்ட் நோக்கிக் கிளம்பியது. கேப்டன் ரிச்சர்ட் வித். அதுவரை வடக்கு நார்வேக்கு ஒரு கடிதம் போய்ச் சேர வாரக்கணக்காகும். குளிர்காலம் என்றால் மாதக்கணக்கு. கலங்கரை விளக்கங்கள் குறைவு, கடல் முழுக்கப் பாறை, பாதி வருடம் இருட்டு. இரவில் இந்தப் பக்கம் கப்பல் ஓட்டவே முடியாது என்று மற்ற நிறுவனங்கள் ஒதுங்க, எந்த இடத்தில் எத்தனை நிமிடம் எந்தத் திசையில் போக வேண்டும் என்று கடிகாரமும் திசைகாட்டியும் வைத்துக் குறிப்பெழுதி ஓட்டிக் காட்டினார் வித். அந்தச் சேவைக்கு வந்த பெயர்தான் ‘ஹுர்டிகுருட்டன்’, அதாவது விரைவுத் தடம்.

இன்றும் இது அரசு ஒப்பந்தத்தில் ஓடும் சேவைதான். 2021 முதல் டெண்டர் இரண்டாகப் பிரிந்து ஹுர்டிகுருட்டன் 7 கப்பல்களையும் ஹவிலா என்ற புது நிறுவனம் 4 கப்பல்களையும் ஓட்டுகின்றன. மொத்தம் 34 துறைமுகங்கள். சில ஊர்களில் நாலைந்து மணி நேரம் நிற்கும். சில ஊர்களில் கால் மணி நேரம்தான். நடு ராத்திரியில் ஃபோர்க்லிஃப்ட் வந்து மீன் பெட்டிகளை ஏற்றும், இரண்டு பேர் இறங்குவார்கள், கப்பல் கிளம்பிவிடும்.

கிர்கெனெஸ் என்ற கடைசி ஸ்டாப்

வடக்கு நோக்கிப் போகும் கப்பல் 7ஆம் நாள் காலை 9 மணி வாக்கில் கிர்கெனெஸ் சேரும். மதியம் 12.30க்குத் திரும்பிவிடும். இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே இருக்கிற ஊர் இது. ரஷ்ய எல்லை கூப்பிடு தூரத்தில். 12 நாள் லீவு கிடைக்காத ஐடி ஊழியர்கள், மருத்துவர்கள் என்று பலரும் போடும் பிளான், இங்கே இறங்கி அன்றைக்கே ஆஸ்லோவுக்கு ஃப்ளைட், அங்கிருந்து அன்று மாலையே துபாய் அல்லது தோஹா வழியாகச் சென்னை.

காகிதத்தில் அழகான பிளான். ஜனவரியில் இது சூதாட்டம்.

பாதையின் பெரும்பகுதி தீவுகளுக்கு உள்பக்கமாகப் போவதால் அலை அடங்கியே இருக்கும். ஆனால் ஸ்டாட் முனை, ஹுஸ்டாட்விகா, போடோவுக்கும் லொஃபோடன் தீவுகளுக்கும் நடுவே வெஸ்ட்ஃபியோர்டு, பிறகு வடமுனையைத் தாண்டிய பேரண்ட்ஸ் கடல் ஓரம் ஆகிய இடங்களில் கப்பலுக்கு எந்தத் தடுப்பும் இல்லை. ஹுஸ்டாட்விகா எப்படிப்பட்டது என்பதற்கு 2019 மார்ச் 23 சாட்சி. ‘வைக்கிங் ஸ்கை’ என்ற சுற்றுலாக் கப்பல் (இந்தக் கடலோரச் சேவையைச் சேர்ந்தது அல்ல) அங்கே புயலில் இன்ஜின் நின்று தத்தளித்தது. கப்பலில் இருந்தவர்கள் 1,373 பேர். அவர்களில் 479 பேரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள்.

எல்லாப் பயணமும் இப்படி ஆகுமா? ஆகாது. பெரும்பாலும் நடப்பது வேறு. காற்று அதிகம் என்றால் கேப்டன் மெஹாம்ன், பெர்லெவோக் போன்ற சின்னத் துறைமுகங்களை விட்டுவிட்டுப் போவார், அல்லது ஒரு இடத்தில் ஒதுங்கி நிற்பார். சில மணி நேரம் தாமதமாகும். கப்பலில் இருப்பவருக்கு அது ஒரு கூடுதல் காபி. கையில் மதிய ஃப்ளைட் டிக்கெட் வைத்திருப்பவருக்கு அது ஒரு மாதச் சம்பளம்.

யார் பணம் தருவார்கள்?

நீங்களே கப்பல் டிக்கெட்டைத் தனியாகவும் ஃப்ளைட் டிக்கெட்டைத் தனியாகவும் புக் செய்திருந்தால், பதில் ரொம்பச் சுருக்கம்: யாரும் தர மாட்டார்கள். கப்பல் லேட்டானது விமான நிறுவனத்தின் பிரச்சினை இல்லை. நீங்கள் ‘நோ ஷோ’. அதே புக்கிங்கில் அடுத்தடுத்து இருக்கிற ஃப்ளைட்டுகளும் சேர்ந்தே ரத்தாகும்.

கப்பலும் விமானமும் சேர்த்து ஒரே பேக்கேஜாக ஒரே நிறுவனத்திடம் வாங்கியிருந்தால் கதை வேறு. ஐரோப்பியப் பேக்கேஜ் பயணச் சட்டப்படி, ஒப்புக்கொண்ட பயணத்தை நடத்திக் கொடுக்கும் பொறுப்பு விற்றவருடையது. கொஞ்சம் விலை கூடத்தான் இருக்கும். குளிர்காலத்துக்கு அந்தக் கூடுதல் பணம் நியாயமானது என்பேன். அது வேண்டாம் என்றால் இன்னொரு மலிவான வழி, கிர்கெனெஸிலோ ஆஸ்லோவிலோ ஒரு இரவு தங்குவது. ஒரு ஹோட்டல் இரவின் விலை, கடைசி நிமிடத்தில் வாங்கும் சென்னை டிக்கெட்டைவிட எப்போதும் குறைவு.

கப்பல் சரியாக வந்து, ஃப்ளைட் லேட்டானால்? இங்கேதான் ஐரோப்பாவின் ‘261 விதி’ உதவுகிறது. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனாலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பதால் இந்த விதி அங்கேயும் செல்லும். நார்வேயிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் பொருந்தும். சேருமிடத்துக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போனால், தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ இழப்பீடு.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. தூரம் கணக்கிடப்படுவது உங்கள் டிக்கெட்டின் கடைசி ஊர் வரை. கிர்கெனெஸ் – ஆஸ்லோ தனி டிக்கெட் என்றால் 1,500 கி.மீ.க்குள் வரும், அதிகபட்சம் 250 யூரோ. அதையே கிர்கெனெஸ் – ஆஸ்லோ – துபாய் – சென்னை என்று ஒரே புக்கிங்காக வைத்திருந்தால் கணக்கு சென்னை வரை போகும், 600 யூரோ. அதைவிட முக்கியம், முதல் ஃப்ளைட் தாமதமாகி இரண்டாவதை விட்டால், அடுத்த ஃப்ளைட்டில் ஏற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. ‘தனித்தனியா போட்டா 6 ஆயிரம் மிச்சம்’ என்று ஆப்பில் பார்த்து மகிழ்கிறவர்கள் விட்டுக்கொடுப்பது இந்தப் பாதுகாப்பைத்தான்.

ஆனால் பனிப்புயல், விமான நிலையம் மூடல் போன்றவை ‘அசாதாரணச் சூழல்’. அப்போது இழப்பீடு கிடையாது. சாப்பாடு, ராத்திரி தங்க ஹோட்டல், மாற்று ஃப்ளைட் அல்லது பணம் திரும்ப — இவை அப்போதும் உண்டு, புயலே அடித்தாலும். கவுன்டரில் ‘வெதர் சார், ஒண்ணும் பண்ண முடியாது’ என்று சொன்னால் பாதி உண்மை. ஹோட்டலைக் கேளுங்கள். தரவில்லை என்றால் நியாயமான விலையில் நீங்களே தங்கி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரக் கோளாறைப் பொதுவாக அசாதாரணச் சூழல் என்று நீதிமன்றம் ஏற்பதில்லை. சொந்த ஊழியர்களின் வேலைநிறுத்தத்தையும் அப்படித்தான் பார்க்கிறது.

வடக்கு விமான நிலையங்களுக்கென்றே சில தனிக் காரணங்களும் உண்டு. ஸ்வோல்வேர், ஹொனிங்ஸ்வோக் போன்ற ஊர்களின் ஓடுதளம் சுமார் 800 மீட்டர்தான். விடெரோ நிறுவனத்தின் சின்ன டேஷ் 8 விமானங்கள்தான் இறங்கும், பக்கக் காற்று அடித்தால் அதுவும் இல்லை. பெரிய நிலையங்களில் கிளம்பும் முன் இறக்கையில் படிந்த பனியைச் சூடான கிளைக்கால் கலவை அடித்து நீக்குவார்கள். அடித்தபின் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் பறக்க வேண்டும். வரிசை நீண்டு நேரம் தாண்டினால் மறுபடியும் அடிக்க வேண்டும். ரஷ்ய எல்லையை ஒட்டிய கிழக்கு ஃபின்மார்க்கில் ஜிபிஎஸ் சிக்னல் குழப்பமும் சில வருடங்களாக இருக்கிறது. பால்டிக் பக்கமும் அதே கதைதான். 2024இல் எஸ்டோனியாவின் டார்டு நகருக்குப் போகும் சேவையை ஃபின்னேர் ஒரு மாதம் நிறுத்தியே வைத்தது.

இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து ஆஸ்லோ வந்து உள்நாட்டு ஃப்ளைட் மாறுபவர்கள், பல சமயம் பெட்டியை ஆஸ்லோவிலேயே எடுத்துக் கஸ்டம்ஸ் தாண்டி மறுபடி போட வேண்டியிருக்கும். ஒரு மணி நேர இடைவெளி போதாது.

ஒரு முறையா, பல முறையா?

நார்வே ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். நார்வேயில் அதிக நாள் இருக்கப் போகிறீர்கள் என்றால் நார்வேயிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், முதலில் ஹெல்சிங்கியில் இறங்கினாலும் சரி. கப்பல் முழுக்க நார்வே கடலோரம்தான் என்பதால் அதற்கெனத் தனி விசா இல்லை. பின்லாந்து, ஸ்வீடன், டென்மார்க், ஐஸ்லாந்து வரைக்கும் சிக்கல் இல்லை.

சிக்கல் ஸ்வால்பார்டில். ட்ரோம்சோவிலிருந்து ஃப்ளைட் பிடித்து, வட அட்சம் 78 டிகிரியில் இருக்கும் லாங்இயர்பியென் போகலாம் என்று ஆசை வரும். நார்வேயின் பகுதிதான், ஆனால் ஷெங்கனுக்கு வெளியே. போக விசா கேட்க மாட்டார்கள். திரும்பி வரும்போது நீங்கள் புதிதாக ஷெங்கனுக்குள் நுழைகிறீர்கள். ‘சிங்கிள் என்ட்ரி’ விசா என்றால் அது ஏற்கெனவே செலவாகிவிட்டது. விண்ணப்பத்திலேயே இரட்டை அல்லது பல நுழைவு கேட்டு, காரணமும் எழுதிவிடுங்கள். கிரீன்லாந்து, ஃபாரோ தீவுகள் டென்மார்க்கைச் சேர்ந்தவை. சாதாரண ஷெங்கன் விசா அங்கேயும் செல்லாது. லண்டன் வழியாக டிக்கெட் மலிவு என்று போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஷெங்கன் விசா கையில் இருந்தாலும், விமான நிலையத்தை விட்டு வெளியே போகாவிட்டாலும், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டனின் டிரான்சிட் விசா தேவைப்படலாம்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ட்ரோம்சோவில் நவம்பர் 27 வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி 15 வரை எட்டிப் பார்க்காது. நண்பகலில் சில மணி நேரம் நீல வெளிச்சம் இருக்கும், அழகுதான். ஆனால் கப்பலில் போவதே மலைகளைப் பார்க்கத்தானே? என் ஓட்டு பிப்ரவரி கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. பகல் சுமார் 9 மணி நேரம் திரும்பியிருக்கும், பனியும் இருக்கும், ராத்திரி போதுமான இருட்டும் இருக்கும். லொஃபோடனில் காட் மீன் சீசனும் அதுவே. மரச் சட்டங்களில் ஆயிரக்கணக்கில் மீனைத் தொங்கவிட்டுக் காற்றிலேயே கருவாடு போடுவதைப் பார்க்கலாம். (இந்த ஃபின்மார்க் கடலோர ஊர்களின் மீன் ஆலைகளில் 1980, 90களில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள்.)

துருவ ஒளிக்கு வருவோம். சூரியனிலிருந்து வரும் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கி, 100 கி.மீ.க்கு மேலே ஆக்சிஜன் அணுக்களில் மோதும்போது வருவதுதான் அந்தப் பச்சை. வடக்கு நார்வே சரியாக அந்த ஒளி வளையத்துக்குக் கீழேயே இருப்பதால், ஆப்பில் கே.பி. குறியீடு 2 காட்டினாலே போதும். எதிரி மேகம்தான். கப்பலின் வசதி, அது நகர்ந்துகொண்டே இருப்பதால் மேகத்தைத் தாண்டிப் போக வாய்ப்புண்டு. அதே நகர்வு போட்டோவுக்குக் கெடுதல்: ட்ரைபாட் வைத்து 10 விநாடி எக்ஸ்போஷர் கொடுத்தால் நட்சத்திரமெல்லாம் கோடாகிவிடும். போனில் நைட் மோடை 1 முதல் 3 விநாடிக்குள் வையுங்கள்.

ஹுர்டிகுருட்டன் நிறுவனம், சீசனில் நீண்ட பயணம் போய் ஒளி ஒருமுறைகூடத் தெரியாவிட்டால் இன்னொரு 6 அல்லது 7 நாள் பயணம் இலவசம் என்று வாக்குறுதி தருகிறது. நல்ல விஷயம்தான். அந்த இலவசப் பயணத்துக்கு வர ஃப்ளைட் செலவு மட்டும் உங்களுடையது.

12 நாளும் வேண்டாம், பணமும் அவ்வளவு இல்லை என்பவர்கள் உள்ளூர்க்காரர்கள் செய்வதைச் செய்யலாம். இது ரூட் வண்டி என்பதால் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்கு மட்டும் டிக்கெட் வாங்கலாம். போடோவில் ஏறி ட்ரோம்சோவில் இறங்கினால் ஒரு நாள்தான். வெஸ்ட்ஃபியோர்டும் லொஃபோடனும் அதற்குள்ளேயே வந்துவிடும். ஒரே ராத்திரி என்றால் கேபின் எடுக்காமல் லவுஞ்ச் நாற்காலியிலேயே ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு. போடோவுக்கு ஆஸ்லோவிலிருந்து ரயிலும் விமானமும் உண்டு. ட்ரோம்சோவிலிருந்து ஆஸ்லோவுக்கு ஒரு நாளில் பல ஃப்ளைட்டுகள் இருப்பதால், கப்பல் மூன்று மணி நேரம் லேட்டாக வந்தாலும் கிர்கெனெஸில் மாட்டிக்கொள்வது மாதிரி மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.