தலை தாங்கும் தூண்

காய்ச்சலைப் போலவே கழுத்துவலியும் ஓர் அறிகுறியே. அதன் பின்னால் ஒருவேளை களைத்த தசை இருக்கலாம். ஒருவேளை நசுங்கும் நரம்பு இருக்கலாம். எலும்பை அரிக்கும் கிருமியும் இருக்கலாம். கழுத்து, மேல்முதுகு ஆகிய பகுதிகளின் முள்ளெலும்பு நோய்களை மருத்துவர் எவ்வாறு பிரித்தறிகிறார், எவ்வாறு தீர்க்கிறார் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அமைப்பும் பணியும்

மனிதனின் முதுகெலும்புத் தொடர் 33 முள்ளெலும்புகளால் ஆனது. அவற்றுள் 7 கழுத்திலும் 12 மார்புப் பகுதியிலும் அமைந்துள்ளன. நெடுங்கழுத்து கொண்ட ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்து முள்ளெலும்புகள் ஏழே என்பது வியப்பளிக்கும் செய்தி. மேலிருந்து முதலாவது எலும்புக்கு 'அட்லஸ்' என்று பெயர். கிரேக்கத் தொன்மத்தில் வானத்தைச் சுமந்து நின்றவனின் பெயர் அது. ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையைத் தாங்கும் எலும்புக்கு அப்பெயர் பொருத்தமானதே. அட்லஸுக்கும் அதனடியில் உள்ள அச்சு முள்ளெலும்புக்கும் இடையிலான மூட்டே தலையை இருபுறமும் திருப்பப் பெரிதும் துணைசெய்கிறது.

இரண்டாம் எலும்பு தொடங்கி, அடுத்தடுத்த எலும்புகளுக்கு இடையே இடைத்தட்டுகள் உள்ளன. புறத்தே உறுதியான நார்வளையமும் அகத்தே கூழ்போன்ற மையமும் கொண்ட அவை அதிர்ச்சியைத் தாங்குகின்றன. எலும்புகளின் நடுத்துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து உருவாகும் குழாயினுள் தண்டுவடம் இறங்குகிறது. பக்கத் துளைகளின் வழியே நரம்பு வேர்கள் வெளியேறுகின்றன. கழுத்துப் பகுதியில் தோன்றும் எட்டு இணை நரம்புகளுள் கீழ்ப்பகுதி நரம்புகள் தோளையும் கையையும் விரல்களையும் இயக்குகின்றன.

மார்பு முள்ளெலும்புகள் விலா எலும்புகளோடு பிணைந்துள்ளமையால் அங்கு அசைவு குறைவு. எனவே இடைத்தட்டுப் பிதுக்கம் கழுத்தைவிட அங்கு அரிதாகவே நிகழ்கிறது. ஆயினும் அப்பகுதியில் தண்டுவடக் குழாய் குறுகியது. சிறிய வீக்கமும் அங்கே பெருங்கேடு விளைவிக்கக்கூடும்.

துன்பத்தின் மூன்று நிலைகள்

முதல் நிலை, தசையிலும் மூட்டிலும் தோன்றும் வலி. குனிந்தே நெடுநேரம் படிப்பதும் கைப்பேசியைப் பார்ப்பதும் இதற்குரிய காரணங்களுள் சில. தலை முன்னோக்கிச் சாயச் சாய, அதை இழுத்துப் பிடிக்கும் பின்கழுத்துத் தசைகளின் சுமை பன்மடங்காகிறது.

இரண்டாம் நிலை, நரம்பு வேர் அழுத்தம். இடைத்தட்டு பிதுங்கியோ, தேய்மானத்தால் எலும்பு விளிம்பில் முனைகள் வளர்ந்தோ நரம்பு வேரை அழுத்தும்போது வலி கழுத்தோடு நில்லாமல் கைவரை பாய்கிறது. விரல்கள் மரத்துப்போகின்றன. மக்கள் வழக்கில் 'சவ்வு விலகல்' எனப்படுவது பெரும்பாலும் இடைத்தட்டுப் பிதுக்கத்தையே குறிக்கிறது.

மூன்றாம் நிலை, தண்டுவட அழுத்தம். இதுவே மிகக் கொடியது. வலி சிறிதும் இன்றியும் வரக்கூடியது. சட்டைப் பொத்தானைப் போட இயலாமை, கையெழுத்து சிதைதல், நடையில் தள்ளாட்டம் ஆகியன இதன் தொடக்க அடையாளங்கள். முதுமையின் தளர்ச்சி என்று கருதி இவற்றைப் புறக்கணிப்போர் பலர். வலியின் அளவைக் கொண்டே நோயின் கடுமையை அளந்துவிட முடியாது என்பதற்கு இந்நிலை சான்றாகும்.

நோயைக் கண்டறிதல்

கண்டறிதல் கேட்பதில் தொடங்குகிறது. வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, அடிபட்டதுண்டா என்று மருத்துவர் வினவுகிறார். காய்ச்சல், உடல் எடைக் குறைவு, உறக்கத்தைக் கெடுக்கும் இரவு வலி, கைகால் வலுவிழத்தல், சிறுநீரைக் கட்டுப்படுத்த இயலாமை ஆகியவற்றுள் ஒன்றிருப்பினும் ஆய்வு விரைவுபடுத்தப்படுகிறது.

அடுத்தது உடற்பரிசோதனை. ஒவ்வொரு நரம்பும் தோலின் குறிப்பிட்ட பகுதிக்கு உணர்வூட்டுகிறது. பெருவிரல் மரத்துப்போயின் ஆறாம் கழுத்து நரம்பும், நடுவிரலாயின் ஏழாம் நரம்பும், சுண்டுவிரலாயின் எட்டாம் நரம்பும் பொதுவாக ஐயத்திற்குரியவை. இவ்வாறு, நோயாளியின் கையே அவர் கழுத்தின் வரைபடமாகிறது.

பின்னர்ச் சிறு சுத்தியலால் தசைநாணைத் தட்டி அனிச்சைச் செயலைச் சோதிப்பர். நரம்பு வேர் அழுந்தியிருப்பின், தட்டலின் செய்தி சென்று திரும்பும் பாதையே தடைப்படுவதால் அனிச்சைச் செயல் குறைகிறது. தண்டுவடம் அழுந்தியிருப்பின், மூளையின் கட்டுப்பாடு கீழே எட்டாமையால் அவ்விடத்திற்குக் கீழுள்ள அனிச்சைச் செயல்கள் மிகுகின்றன. கழுத்தில் உள்ள கோளாற்றை முழங்கால் காட்டிக்கொடுப்பது இதனாலேயே.

இவற்றின் பின்னரே படங்கள் துணைக்கு வருகின்றன. 1895ஆம் ஆண்டு இராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர்கள் எலும்பின் வடிவத்தைக் காட்டின. 1971ஆம் ஆண்டு மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்த சி.டி. வருடி எலும்பின் குறுக்குவெட்டைக் காட்டியது. பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. வருடி, கதிர்வீச்சின்றிக் காந்தப்புலத்தின் துணையால் தண்டுவடத்தையும் இடைத்தட்டையும் தெளிவுறக் காட்டுகிறது. இதன் வளர்ச்சிக்கு வித்திட்ட லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு ஆகிய இருவரும் 2003ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். எனினும், எவ்வித வலியும் இல்லாதவர்களின் படங்களிலும் இடைத்தட்டுத் தேய்மானம் காணப்படுவதுண்டு. ஆகவே, படத்தில் தெரியும் மாற்றமும் நோயாளியின் அறிகுறியும் ஒன்றோடொன்று பொருந்தினாலன்றி மருத்துவர் முடிவுக்கு வருவதில்லை.

மருந்தும் பயிற்சியும் அறுவையும்

தசைவலியும், நரம்பு வேர் வலியுள் பெரும்பாலானவையும் அறுவையின்றியே சில வாரங்களில் தணிகின்றன. வலிநீக்கி மருந்துகள், இயன்முறைப் பயிற்சிகள், அமரும் முறையில் திருத்தம் ஆகியவை போதுமானவை. கழுத்துப்பட்டையை நெடுநாள் அணிந்தால் தசைகள் வலுவிழக்கும்; மருத்துவர் வரையறுத்த காலமே அதனை அணிதல் வேண்டும்.

கையின் வலு தொடர்ந்து குறையும்போதும் தண்டுவடம் அழுந்தும்போதும் அறுவை மருத்துவம் இன்றியமையாததாகிறது. 1950களில் அமெரிக்க மருத்துவர்கள் கழுத்தின் முன்புறமாகச் சென்று, பழுதுற்ற இடைத்தட்டை அகற்றி, அங்கு எலும்புத் துண்டைப் பொருத்தி இணைக்கும் முறையை உருவாக்கினர். இன்றும் அம்முறை பரவலாகக் கையாளப்படுகிறது. தண்டுவட அழுத்தத்திற்கான அறுவையின் முதல் நோக்கம், கேடு மேலும் வளராமல் தடுப்பதாகும். இழந்த ஆற்றல் முழுதும் மீளும் என்று உறுதி கூற இயலாது. காலந்தாழ்த்தாமை இங்கே மருந்தினும் பெரிது.

முதுகெலும்புக் காசநோய்

காசநோய் நுரையீரலை மட்டும் தாக்குவதில்லை. மார்பு முள்ளெலும்புகளிலும் அது குடிகொள்வதுண்டு. எலும்பு அரிக்கப்பட்டு நொறுங்க, முதுகு கூன்விழுகிறது. சீழ் தண்டுவடத்தை அழுத்தக் கால்கள் செயலிழக்கின்றன. ஆங்கில மருத்துவர் பெர்சிவால் பாட் 1779ஆம் ஆண்டு இதனை விரித்துரைத்தமையால் இது 'பாட் நோய்' எனவும் வழங்கப்படுகிறது. எகிப்திய மம்மிகளிலும் இதன் தடயங்கள் காணப்பட்டுள்ளன.

முற்காலத்தில் நோயாளிகள் மாதக்கணக்கில் படுக்கையிலோ சாந்துக்கட்டிலோ கிடந்தனர். கிருமியைக் கொல்லும் மருந்துகள் வந்தபின், இவை தேவைதானா என்ற வினா எழுந்தது. தென்கொரியாவின் மாசான், பூசான் நகரங்களில் நடந்த ஆய்வுகள், முறையாக மருந்து உண்போருக்குப் படுக்கை ஓய்வோ சாந்துக்கட்டோ கூடுதல் பயன் தருவதில்லை என்று காட்டின. 1956ஆம் ஆண்டு சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையமும் இத்துறையில் ஆய்வு நடத்தியது. நோயாளிகள் நடமாடியபடியே குறுகிய கால மருந்துகளால் நலம்பெற இயலும் என்பதை அது மெய்ப்பித்தது. எனினும், தண்டுவடம் கடுமையாக அழுந்தும்போதும் கூன் மிகும்போதும் அறுவை தேவைப்படுகிறது.

நாம் செய்ய வேண்டுவன

நூலையும் கைப்பேசியையும் கண்மட்டத்திற்கு அருகே உயர்த்துங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். பயிற்சி பெறாதவரிடம் கழுத்தை நெட்டி முறித்துக்கொள்ளாதீர்கள். சாலை விபத்தில் வீழ்ந்தவரின் கழுத்தெலும்பு முறிந்திருக்கக்கூடும். தீ முதலிய உடனடி ஆபத்து இல்லாதபோது, அவரைத் தூக்கி அமரவைக்க முயலாமல், தலையும் கழுத்தும் அசையாதவாறு பிடித்துக்கொண்டு 108 என்னும் எண்ணை அழையுங்கள். நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தவறான அசைவு, நடக்க வேண்டியவரை வாழ்நாள் முழுதும் படுக்கையில் கிடத்திவிடக்கூடும்.