பிள்ளை இன்னும் பேசலையா? நாக்கை விடுங்க, காதைப் பாருங்க!

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே மருமகள்.

"வைத்தியரே, பயலுக்கு ரெண்டு வயசு முடிஞ்சாச்சு. ஒரு வார்த்தை வரல்ல. மருமவ பாறசாலைக்காரி. அவ மலையாளம் பேசுகா, நாங்க தமிழ் பேசுகோம். ரெண்டும் சேந்து பிள்ளைக்கு நாக்கு குழம்பிப் போச்சு. நாக்கு பிரள நல்ல மருந்தா ஒண்ணு தாரும்!"

பிள்ளையிடம் மலையாளம் பேசக்கூடாது என்று வீட்டில் தீர்ப்பாகி ஆறு மாதம் ஆகிவிட்டதாம். பெற்ற தாய், தன் தாய்மொழியில் மகனைக் கொஞ்ச முடியாமல் தலைகுனிந்து நின்றார்.

நான் நாக்கைப் பார்க்கவில்லை. பையன் விளையாட்டில் மூழ்கியிருந்தபோது பின்னால் போய், எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டினேன். பாட்டி திடுக்கிட்டார். பையன் திரும்பவே இல்லை.

பேச்சு தொடங்குவது காதில்

வயிற்றில் ஆறு மாதமாக இருக்கும்போதே குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்ததும் அம்மாவின் குரலை அடையாளம் கண்டுகொள்கிறது.

அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு நம்முடைய 'த', 'ட' இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்கர் என்ற பெண் விஞ்ஞானி, 1984-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்தியின் 'த', 'ட' ஒலிகளைப் பிரித்து அறிவதைக் காட்டினார். 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறமை பெரும்பாலும் மங்கிவிடுகிறது. ஜப்பானியக் குழந்தைகளுக்கு 'ர', 'ல' வித்தியாசம் மங்குவதும் இதே வயதில்தான்.

அதாவது, பிறக்கும்போது எந்த ஊர் ஒலிக்கும் குழந்தையின் காது திறந்திருக்கிறது. வீட்டில் புழங்கும் ஒலிகளைத்தான் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. முதல் வருடம் அவ்வளவு முக்கியம்!

இரண்டு மொழி பாரமா?

இல்லவே இல்லை. நம் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் இரண்டு மொழியும் பேசி வளர்ந்த தலைமுறைகள் எத்தனை! தமிழில் 'பல்'லுக்கும் 'பஸ்'ஸுக்கும் ஒரே 'ப'தான். மலையாளத்தில் இந்த வரிசைக்கு நான்கு எழுத்து. இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளை இரண்டையும் பிடித்துக்கொள்ளும். நடுவில் வார்த்தைகளைக் கலந்து பேசினால் அது குழப்பம் அல்ல. பிள்ளைக்கு எத்தனை வார்த்தை தெரியும் என்று எண்ணும்போது இரண்டு மொழி வார்த்தைகளையும் சேர்த்து எண்ணுங்கள்.

எந்த ஒலி எப்போது?

எழுத்துகள் எந்த உறுப்பில் எப்படிப் பிறக்கின்றன என்பதற்குத் தொல்காப்பியத்தில் 'பிறப்பியல்' என்று தனி இயலே இருக்கிறது. குழந்தையும் வரிசையாகத்தான் போகிறது. முதலில் உதட்டில் பிறக்கும் ம, ப. அதனால்தான் அம்மாவும் அப்பாவும் முந்துகிறார்கள். நாக்கை வளைக்க வேண்டிய ர, ற, ழ எல்லாம் பின்னால் வரும். நாலு வயதுப் பிள்ளை 'பழ'த்தைப் 'பலம்' என்றால் அடிக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். நீங்கள் சரியாகச் சொல்லிக் காட்டினால் போதும்.

வசம்பு பேச வைக்குமா?

சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன். வசம்பைச் சுட்டுத் தேனில் உரசி நாக்கில் தடவினால் பேச்சு வராது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, தசைகளைத் தளர்த்தும் ஆபத்தான நோயைக் கொடுக்கலாம்.

நான் தொழில் தொடங்கிய புதிதில், பேசாத ஒரு பெண் குழந்தைக்கு மருந்து கொடுத்து, "மூணு வயசு வரைக்கும் பொறுங்க, வந்துரும்" என்று அனுப்பினேன். அவளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தபோது வயது ஐந்து. அந்தத் தாயின் முகம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ஆ... ஊ...' என்று சத்தம் கொடுக்கும். அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனை செய்துவிடுங்கள். சில நிமிடம்தான், வலி கிடையாது. குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும்.

* சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள், குறைமாதத்தில் பெற்றவர்கள், குழந்தைக்குக் கடும் மஞ்சள் காமாலை கண்டவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

* 10 மாதத்தில் 'பாபா, தாதா' என்ற மழலை இல்லையா? ஒன்றரை வயதில் ஒரு வார்த்தையும் இல்லையா? இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லையா? காத்திருக்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் காது-மூக்கு-தொண்டை பிரிவுக்குப் போங்கள். டம்ளர் சத்தத்துக்குத் திரும்பினாலும் சோதனை அவசியம். லேசான குறை வீட்டில் தெரியாது.

* செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு 'பேசப் பழகும்' என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 9 மாதக் குழந்தைகள், நேரில் விளையாடியவரிடமிருந்து சீன மொழி ஒலிகளைக் கற்றன. அதையே டி.வி.யில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. 2003-ல் வெளியான ஆராய்ச்சி இது. முகம் பார்த்துப் பேசுங்கள், குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் பேசுங்கள்.

அந்தத் தக்கலைப் பையனுக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு என்று சோதனையில் தெரிந்தது. கருவி பொருத்தி, பேச்சுப் பயிற்சியும் கொடுத்தார்கள். அம்மா மீண்டும் மலையாளத்தில் கொஞ்ச ஆரம்பித்தார். இப்போது அவன் பாட்டியிடம் தமிழிலும் அம்மாவிடம் மலையாளத்திலும் சண்டை போடுகிறான்.

"வாயை மூட மருந்து உண்டுமா வைத்தியரே?" என்று கேட்கிறார் பாட்டி. அதற்கு என்னிடம் மருந்து இல்லை!