கமிட்டி போன மறுநாள்

வளாகத்து வேப்பமரங்களின் அடியில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் மூன்று நாளில், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ கமிட்டி வருகிறது. நான் அப்போது ஒரு கலை அறிவியல் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். துறை அறையில் ஆறு பேர் உட்கார்ந்து, நான்கு ஆண்டுகளாக நடக்காத பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களுக்குக் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தோம். எல்லாம் ஒரே மையில் இருந்தால் தெரிந்துவிடும் என்று மூத்தவர் ஒருவர் ஆளுக்கொரு பேனா கொடுத்தார். நானும் எழுதினேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

வராந்தாவில் புதிதாகக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்று வைத்திருந்தார்கள். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “கமிட்டி போன பெறகும் இது இங்கயேதான் இருக்குமா சார்?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நம் நாட்டின் கல்வித் தர மதிப்பீட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று புரியப் பல வருடங்கள் ஆயின.

அனுமதி வேறு, அங்கீகாரம் வேறு

கல்லூரி விளம்பரங்களில் வரும் முத்திரைகளைப் பெற்றோர் பலரும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். பொறியியல் கல்லூரி தொடங்க அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. தருவது அனுமதி. பாடத்திட்டம் வகுத்து, தேர்வு நடத்தி, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் தருவது இணைப்பு. கல்லூரி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துத் தருவது தர அங்கீகாரம். முதல் இரண்டும் இல்லாமல் கல்லூரியை நடத்த முடியாது. மூன்றாவதுதான் கல்லூரிக்கும் கல்லூரிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வந்தது.

1986-ம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை கல்வித் தரத்தைப் பற்றி எழுப்பிய கவலையின் தொடர்ச்சியாக, 1994-ல் பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் பெங்களூருவில் தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு, அதாவது நாக், உருவானது. அதே ஆண்டில் தொழில்நுட்பக் கல்விக்கெனத் தேசிய அங்கீகார வாரியம், அதாவது என்.பி.ஏ., வந்தது. நாக் கல்லூரி முழுவதையும் எடைபோடுகிறது. என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு என்.பி.ஏ. இருக்கலாம், சிவிலுக்கு இல்லாமல் போகலாம். பொறியியல் படிப்புகளுக்கான அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-ல் இந்தியா முழு உறுப்பினரானது. வெளிநாட்டில் பொறியாளராக வேலை தேடும் நம் பிள்ளைகள் சிலருக்கு என்.பி.ஏ. முத்திரை பயன்படுவதற்கு அதுதான் காரணம்.

வகுப்பறைக்கு 350

நாக் மதிப்பீட்டின் உயிர், கல்லூரி தன்னைப் பற்றித் தானே எழுதும் தன்மதிப்பீட்டு அறிக்கை. பேராசிரியர்கள் வாயில் அது எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டம், கற்பித்தல், ஆய்வு, கட்டமைப்பு, மாணவர் நலன், நிர்வாகம், விழுமியங்கள் என்று ஏழு தலைப்புகள். மொத்தம் 1000 மதிப்பெண். 2017-ல் திருத்திய முறையில், இணைப்புக் கல்லூரிகளுக்குக் கற்பித்தல், கற்றல், மதிப்பீடு என்ற ஒரே தலைப்புக்கு 350 ஒதுக்கினார்கள். கட்டமைப்புக்கு 100தான்.

அந்தப் பங்கீட்டை வகுத்தவர்களுக்குக் கல்லூரி என்றால் என்ன என்பது தெரிந்திருக்கிறது. கட்டடத்தைவிட வகுப்பறை பெரிது என்பதை எண்ணால் எழுதி வைத்திருக்கிறார்கள். பாடம் எப்படி நடக்கிறது, பின்தங்கிய மாணவருக்கு என்ன செய்கிறீர்கள், எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றெல்லாம் கல்லூரி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஊர்க்காரர்கள் கோயில் கணக்கைத் திருவிழா முடிந்து பொதுவில் வாசிப்பதைப் போல, நான்கைந்து வருடக் கணக்கை வாசிக்கும் வாய்ப்பு அது. வெளியிலிருந்து வரும் குழுவின் முக்கிய வேலை அந்தக் கணக்கைச் சரிபார்ப்பதுதான்.

மதிப்பீடு சரக்கானது

பிறகு எங்கே தடம் மாறினோம்? மதிப்பீட்டோடு மற்றவை எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டபோது. 2012-ன் விதிமுறைகள் வழியாக மானியக் குழு அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கியது. 2018-ன் விதிமுறைகளோ, நான்கு புள்ளி அளவில் 3.51-ம் அதற்கு மேலும் பெற்ற பல்கலைக்கழகங்களை முதல் வகையில் வைத்து, புதிய படிப்புகளைத் தாமே தொடங்கும் உரிமையைக் கொடுத்தன. 3.51 என்பது ஏ பிளஸ் பிளஸின் தொடக்க எல்லை. சேர்க்கைக் காலத்தில் நெடுஞ்சாலை ஓரத்துப் பலகையில் பெரிதாக மின்னுவதும் அதே எழுத்துதான். அந்தப் புள்ளிக்கு விலை கூடக் கூட, அதைக் குறுக்கு வழியில் எட்டும் ஆசையும் கூடியது.

2023 மார்ச்சில் நாக் செயற்குழுத் தலைவர் பூஷண் பட்வர்தன், மதிப்பீட்டில் முறைகேடுகள் நடப்பதாகக் குற்றஞ்சாட்டிப் பதவி விலகினார். 2025 பிப்ரவரி தொடக்கத்தில், ஆந்திராவில் ஒரு கல்வி நிறுவனத்துக்கு உயர்ந்த தரம் வழங்க லஞ்சம் பெற்றதாக, ஆய்வுக்குச் சென்ற குழுவினரையே சி.பி.ஐ. கைது செய்தது. அடுத்தவரின் நேர்மையை எடைபோடப் போனவர்கள் மீதே அப்படி ஒரு வழக்கு. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்தப் பேனாக்கள் ஞாபகம் வந்தன. பணத்தில் முடிகிற பொய், பல இடங்களில் மையில்தான் தொடங்குகிறது.

நம் வீட்டிலும் கதை உண்டு. 2024 ஜூலையில் ஊழலுக்கு எதிராகச் செயல்படும் அறப்போர் இயக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியல்களை ஒப்பிட்டு, முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இருப்பதை வெளியிட்டது. பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ‘பணியாற்றியவர்’ பெயரும் அதில் இருந்தது. அது இணைப்பு சார்ந்த விவகாரம் என்றாலும் நோய் ஒன்றே. பட்டியலில் ஆசிரியர் இருக்கிறார், வகுப்பில் இல்லை. 2021-22 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். நிலத்தை அடகு வைத்தும் நகையை விற்றும் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பங்கள் சேர்ந்து எட்டிய எண் அது. அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது பெயர்ப் பட்டியலா?

குறையைச் சொல்ல இடம் வேண்டும்

இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே.ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு, ஏ, பி என்ற எழுத்துத் தரத்தைக் கைவிட்டு, அங்கீகாரம் உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லலாம்; மேலே போக விரும்பும் கல்லூரிகளுக்கு ஐந்து படிநிலைகள் வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. எழுத்தின் விலை குறைந்தால் பொய்யின் தேவையும் குறையும் என்பதால் இதை வரவேற்கிறேன். ஆனால் முறையை மட்டும் மாற்றினால் போதாது. தன் குறையை ஒப்புக்கொள்ளும் கல்லூரி அதற்காகத் தண்டனை பெறுகிற வரை, எந்த முறையிலும் ஆளுக்கொரு பேனா தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். ‘இந்த இடத்தில் தோற்றோம், இதைச் செய்தோம், இவ்வளவு சரியானது’ என்று எழுதும் கல்லூரிக்கு மதிப்பெண் கூட வேண்டும்.

பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. விளம்பரத்தில் உள்ள தரம் எந்த ஆண்டு வழங்கப்பட்டது, இன்னும் செல்லுமா என்று கேளுங்கள். பொதுவாக அது ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். கல்லூரியின் இணையதளத்தில் அதன் ஆண்டறிக்கையையும் ஆசிரியர் பட்டியலையும் தேடிப் பாருங்கள். பிறகு ஒரு சாதாரண வேலைநாளில், காலை பதினொரு மணிக்கு, சொல்லாமல் போய் நில்லுங்கள். பட்டியலில் உள்ள பெயர்கள் வகுப்பில் இருக்கின்றனவா, ஆய்வகம் திறந்திருக்கிறதா, நூலகத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை. மூன்று, நான்கு வருடம் போவதைவிட அது மேல்.

ஒரு நோட்டு

சில வருடங்கள் கழித்து, சிற்றூர்க் கல்லூரி ஒன்றில் கணிதப் பேராசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். மேசை மேல் நாற்பது பக்க நோட்டு. அதில் ஒவ்வொரு பருவத்திலும் தவறிய மாணவர்களின் பெயர், ஊர், பக்கத்தில் காரணம். புரட்டிக்கொண்டே வந்தேன். ஒரு பாடத்தில் தவறிய பெண்கள் எல்லோருக்கும் ஒரே தடத்து ஊர்கள். எதிரே சிவப்பு மையில் ‘4.10 பஸ்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

“அந்த பஸ்ஸ விட்டா அடுத்தது ஏழு மணிக்குத்தான் சார். வீட்ல திட்டுவாங்கன்னு கடைசி பீரியட்ல எந்திரிச்சுப் போயிடுறாங்க. அந்தப் பாடம் பூரா கடைசி பீரியட்லதான் இருந்துச்சு” என்றார். முதல்வரிடம் பேசி அந்தப் பாடத்தைக் காலைக்கு மாற்றினார். அடுத்த பருவத்துப் பக்கத்தில் அந்த ஊர்களின் பெயர் இல்லை.

இதை எஸ்.எஸ்.ஆரில் எழுதினீர்களா என்று கேட்டேன். “இதெல்லாம் எந்தக் கிரைட்டீரியாவுல சார் வரும்?” என்றார்.

இரண்டாவதில் வரும் ஐயா. அந்த 350 மதிப்பெண்ணை உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரே பேனாவில் எழுதிய அந்த நோட்டை அப்படியே எடுத்து மேசை மேல் வையுங்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்களைக் கமிட்டியில் அனுப்புவது அரசின் பொறுப்பு.