'அண்ட்' என்ற சொல்லின் அதிகாரம்

கொல்லிமலை குண்டனி நாட்டில், உழுத வனநிலத்துக்கு உரிமை கேட்டு ஆங்கிலத்தில் மனு எழுத உட்கார்ந்தோம். 'தாத்தா காலத்திலேர்ந்து உழுது, சாமை வெதச்சு, பட்டா இல்லாம கெடக்கிறோம்' என்றார் பெரியவர். தமிழில் எச்சங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போகும். அவற்றின் உறவு வரிசையா, காரணமா, முரணா என்பதைக் கேட்பவர் புரிந்துகொள்வார்.

ஆங்கிலம் அப்படி விடாது. 'அண்ட்' போட்டால் உழுததும் பட்டா இல்லாததும் பக்கத்துப் பக்கத்துச் செய்திகள், அவ்வளவுதான். 'உழுதிருந்தும்' என்று 'ஆல்தோ' போட்டால் அது புகார். (நம்மவர்கள் அதோடு 'பட்'டையும் சேர்த்துவிடுவார்கள், ஒன்று போதும்.) 'ஆகவே' என்கிற 'தேர்ஃபோர்' உரிமைக்கோரல். ஆனால் முந்தைய வாக்கியம் அதைத் தாங்க வேண்டும். 'மோர்ஓவர்' பெரும்பாலும் வெறும் ஜோடனை.

சட்டத்தின் மொழியில் இச்சொற்கள் வேலி போடுகின்றன. 2006 வன உரிமைச் சட்டம் வனவாழ் பழங்குடியினரை வரையறுக்கும்போது, முதன்மையாகக் காட்டில் வசிப்பதையும் பிழைப்புக்குக் காட்டையோ வனநிலத்தையோ சார்ந்திருப்பதையும் ஓர் 'அண்ட்' போட்டுக் கட்டுகிறது. இரண்டும் வேண்டும். அப்படியானால் வீடு காட்டுக்கு வெளியே, பிழைப்பு காட்டில் என்றிருப்பவர்? அவர்களும் அடக்கம் என்று 2008 ஜூனில் மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் சுற்றறிக்கை விட்டு விளக்க நேர்ந்தது. ஒரு 'அண்ட்' செய்த வேலை!

அதே சட்டம் நிலம் 2005 டிசம்பர் 13க்கு முன்பே கைவசம் இருந்திருக்க வேண்டும் என்கிறது. எனவே 'ஆல்தோ'வை அடித்தோம். யார், எந்த நிலத்தை, அந்தத் தேதிக்கு எவ்வளவு முன்பிருந்து உழுகிறார் என்று முதலில் எழுதினோம். 'தேர்ஃபோர்' அதற்கடுத்த வரியில் வந்தது.