புற்றுநோய் ரசாயனத்தைக் கிருமி காட்டிக்கொடுப்பது எப்படி?

ஒரு ரசாயனம் புற்றுநோய் தருமா என்று எலிகளில் சோதித்து அறிய ஆண்டுக்கணக்கில் ஆகும். 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஏம்ஸ், இரண்டே நாளில் முதல் தடயம் கிடைக்க வழி செய்தார்.

அவர் எடுத்துக்கொண்டது சால்மோனெல்லா பாக்டீரியா. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாதபடி அதன் மரபணுவில் ஒரு பழுது. ஹிஸ்டிடின் போதாத தட்டில் அது பெருகாது. அங்கே சந்தேகத்துக்குரிய ரசாயனத்தைச் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். டிஎன்ஏவைக் குலைக்கும் பொருள் புற்றுநோயும் தரக்கூடும். அந்த ரசாயனம் அப்படிப்பட்டதென்றால், சில கிருமிகளில் அந்தப் பழுதே தற்செயலாகச் சரியாகிவிடும். தட்டில் வெளிறிய புள்ளிகள் முளைக்கும். ஒவ்வொன்றும் அப்படிப் பிழைத்த ஒரு கிருமியின் வம்சம். சும்மா விட்டாலும் சில புள்ளிகள் வரும் என்பதால், ரசாயனம் சேர்க்காத தட்டோடு ஒப்பிட்டே எண்ணுவார்கள்.

கூடவே எலியின் ஈரல் சாற்றையும் சேர்ப்பது ஏன்? பல ரசாயனங்கள் ஈரலின் நொதிகள் மாற்றிய பிறகே ஆபத்தாகின்றன. இந்தச் சோதனையின் முக்கியமான அம்சம் இதுதான் என்பேன்.

குழந்தைகளின் இரவு உடை தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த ட்ரிஸ் என்ற ரசாயனம் இந்தச் சோதனையில் சிக்கியது. 1977இல் அமெரிக்கா அத்தகைய உடைகளைத் தடை செய்தது. ஆனால் புற்றுநோய் தரும் ஆஸ்பெஸ்டாஸ் இதில் சிக்குவதில்லை. எனவே இந்த ஒரு சோதனையில் தேறியது என்பதற்காக எந்தப் பொருளையும் பாதுகாப்பானது என்று நம்பிவிடாதீர்கள்.